கிடியன் மான்டெல்: டைனோசர் ஆய்வில் ஓரங்கட்டப்பட்ட மருத்துவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைனோசர்களின் வரலாற்றைச் சொல்லும் பெரும்பாலான நூல்களில் மான்டெலுக்கு ஒரு பத்திதான் கிடைக்கும். மனைவி சாலையோரம் ஒரு பல்லைக் கண்டெடுத்தார், கணவர் அந்த விலங்குக்கு இகுவானோடான் என்று பெயர் வைத்தார், அதோடு சரி. உண்மையில் அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எலும்புகளோடு மல்லுக்கட்டியவர். மிகக் குறைந்த சான்றுகளை வைத்துக்கொண்டு அவர் எட்டிய முடிவுகளில் பல, அவர் இறந்து வெகுகாலம் கழித்துச் சரியென்று உறுதியாயின. கண்டெடுத்தவர் என்ற பெயரைவிட, கண்டதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் என்ற பெயரே அவருக்குப் பொருந்தும். இந்தப் பக்கம் அந்த எண்ணத்தில் எழுதப்பட்டது.

யார் இந்த மான்டெல்?

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள லூயிஸ் என்ற ஊரில் 1790இல் பிறந்தவர். தந்தை காலணி செய்பவர். குடும்பம் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேராத மெதடிஸ்ட் குடும்பம் என்பதால் ஊரின் பெரிய பள்ளியில் அவருக்கு இடமில்லை. 15 வயதில் உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு லண்டனில் படித்து, 1811இல் அறுவை மருத்துவராகத் தகுதி பெற்று லூயிசுக்கே திரும்பினார். பல்கலைக்கழகப் பதவியோ பரம்பரைச் சொத்தோ அவருக்கு இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற விடைகளைப் படிக்க வேண்டும்.

முழுநேர மருத்துவருக்குப் புதைபடிவங்களை ஆராய நேரம் எப்படிக் கிடைத்தது?

தூக்கத்தை விற்று வாங்கிய நேரம் அது. ஆண்டுக்கு 200 முதல் 300 பிரசவங்கள் வரை பார்த்தார். காலரா, அம்மை, டைஃபாய்டு பரவிய நாட்களில் ஒரே நாளில் 50 நோயாளிகள் வரை பார்க்க நேர்ந்தது. நோயாளிகளைப் பார்க்கக் குதிரையில் சுற்றிய கிராமங்களிலேயே சுண்ணாம்புக் குவாரிகளும் மணற்கல் குவாரிகளும் இருந்தன. அங்கே வேலை செய்த ஆட்களிடம் சொல்லிவைத்து, கிடைக்கும் எலும்புகளைக் காசு கொடுத்து வாங்கினார். பாறையிலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்கும் வேலையும் எழுத்து வேலையும் இரவில் நடந்தன.

அவரது மருத்துவ வாழ்க்கையிலும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடக்கூடாது. 1826இல் கணவருக்கு ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாகப் பெண் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்புக்கு ஆதாரமான வேதியியல் சாட்சியம் செல்லாது என்று மான்டெல் தாமே சோதனை செய்து காட்டினார். அந்தப் பெண் விடுதலையானார். பிறர் சொல்லும் சான்றை அப்படியே ஏற்காமல் தன் கையால் சோதித்துப் பார்க்கும் இந்தக் குணம்தான் எலும்புகள் விஷயத்திலும் அவருக்குக் கைகொடுத்தது.

இகுவானோடானின் பல்லைக் கண்டெடுத்தவர் அவருடைய மனைவி மேரி ஆன்தானா?

அப்படித்தான் மான்டெலே முதலில் எழுதினார். அவர் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சாலை போடக் குவித்திருந்த கற்களில் மேரி ஆன் பல்லைப் பார்த்தார் என்பது கதை. பிற்காலத்தில், தாமே கண்டெடுத்ததாகவும் மான்டெல் எழுதினார். அதற்குள் இருவரும் பிரிந்திருந்தனர். கக்ஃபீல்ட் அருகே ஒய்ட்மன்ஸ் கிரீன் குவாரியிலிருந்து 1820 வாக்கிலேயே அவருக்குப் பெரிய எலும்புகள் வந்துகொண்டிருந்தன. எனவே ஒரே நாளில், ஒரே பல்லில் எல்லாம் தொடங்கியது என்பது கதைக்கு வசதியான வடிவம்.

மேரி ஆனின் பங்கில் ஐயத்துக்கே இடமில்லாத ஒன்று உண்டு. 1822இல் வெளியான மான்டெலின் முதல் பெரிய நூலுக்கு, அவர் வரைந்த படங்களை அச்சுத் தகடுகளில் செதுக்கிக் கொடுத்தவர் மேரி ஆன். குழந்தைகளையும் கவனித்துக்கொண்டு, அந்தத் தொழிலைத் தாமே கற்றுக்கொண்டு செய்தார். பல்லைப் பற்றிப் பேசுபவர்கள் அந்தப் படங்களைப் பற்றியும் பேச வேண்டும்.

ஒரு பல்லில் அப்படி என்ன அதிசயம் இருந்தது?

மேற்பகுதி இலை வடிவில் விரிந்திருக்கும். முன்முகத்தில் மேலிருந்து கீழாக வரம்புகள் ஓடும். ஓரங்கள் ரம்பம் போல வெட்டுவெட்டாக இருக்கும். முக்கியமானது நுனி. அது தேய்ந்து சாய்வான தளமாகியிருந்தது. செடிகொடிகளை அரைத்து அரைத்துத் தேய்ந்த பல் என்று பார்த்தவுடன் தெரியும்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அன்று அறியப்பட்ட ஊர்வன எதுவும் உணவை அரைத்துத் தின்பதில்லை. கடிக்கும், கிழிக்கும், விழுங்கும். அரைத்துத் தேய்ந்த பல் என்றால் பாலூட்டியின் பல்லாக இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பல் கிடைத்த பாறை, பெரிய பாலூட்டிகள் தோன்றுவதற்கு மிகவும் முந்தையது என்று மான்டெல் கணித்திருந்தார். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பல் பாலூட்டியுடையது என்றால் பாறையின் வயது தவறு. பாறையின் வயது சரியென்றால், தாவரத்தை மென்று தின்ற பிரம்மாண்டமான ஊர்வன ஒன்று இருந்தாக வேண்டும். அப்படியொன்றை அதுவரை யாரும் கண்டதில்லை.

மற்ற அறிஞர்கள் என்ன சொன்னார்கள்?

1822இல் லண்டன் புவியியல் சங்கத்தில் பற்களைக் காட்டினார். மீனின் பல்லாக இருக்கலாம், அல்லது அண்மைக்கால மண்ணிலிருந்து வந்த பாலூட்டியின் பல்லாக இருக்கலாம் என்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் புவியியல் அறிஞர் வில்லியம் பக்லண்டும் அப்படித்தான் நினைத்தார். வேதியியல் அறிஞர் வில்லியம் வொலஸ்டன் மட்டும், விடாமல் தொடருங்கள் என்று ஊக்கம் கொடுத்தார்.

1823இல் நண்பரும் புவியியல் அறிஞருமான சார்லஸ் லயல் ஒரு பல்லைப் பாரிசுக்கு எடுத்துப்போய் ஜார்ஜ் குவியேயிடம் காட்டினார். ஒப்பீட்டு உடற்கூறியலில் குவியேயின் சொல்லுக்கு மறுசொல் கிடையாத காலம் அது. காண்டாமிருகத்தின் முன்பல் என்றார் குவியே.

ஊர்ப்புற மருத்துவர் ஒருவர் அதோடு அடங்கிப்போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மான்டெல் மேலும் பற்களைச் சேர்த்து 1824இல் குவியேக்கு அனுப்பினார். தேயாத பல், பாதி தேய்ந்த பல், முற்றிலும் தேய்ந்த பல் என்று வரிசையாகப் பார்த்ததும் குவியே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். தாவரம் தின்னும் புதிய ஊர்வன ஒன்றாக இருக்கலாம் என்று எழுதினார். முன்பு சொன்னது தவறென்று அச்சிலும் ஒப்புக்கொண்டார். குவியேயின் பெருந்தன்மைக்கு இது நல்ல சான்று.

இகுவானா எப்படி இந்தக் கதைக்குள் வந்தது?

1824இல் மான்டெல் லண்டனில் உள்ள அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரி அருங்காட்சியகத்துக்குப் போனார். ஊர்வனவற்றின் பற்களையும் தாடைகளையும் இழுப்பறை இழுப்பறையாகத் தேடினார். ஒன்றும் பொருந்தவில்லை. அங்கே உதவியாளராக இருந்த சாமுவேல் ஸ்டச்பரி, தான் அண்மையில் பதப்படுத்திய இகுவானா என்ற பெரிய பல்லியின் எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து காட்டினார். பற்களின் வடிவம் அச்சாகப் பொருந்தியது. அளவில் மட்டும் மான்டெலின் பல் ஏறத்தாழ இருபது மடங்கு பெரியது.

இகுவானோடான் என்ற பெயரை யோசனை சொன்னவர் புவியியல் அறிஞர் வில்லியம் கோனிபேர். 1825 பிப்ரவரி 10ஆம் தேதி மான்டெலின் கட்டுரை, பிரிட்டனின் முதன்மையான அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. அதே ஆண்டு அவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினரானார்.

அப்படியானால் முதல் டைனோசருக்குப் பெயரிட்டவர் மான்டெலா?

இல்லை. பக்லண்ட் 1824இல் மெகலோசாரசை விவரித்துவிட்டார். அந்தக் கட்டுரையில் மான்டெல் சேகரித்த கக்ஃபீல்ட் எலும்புகளும் பயன்பட்டன. ஆனால் மெகலோசாரஸ் ஊனுண்ணி. பெரிய பல்லி ஒன்று ஊன் தின்றது என்பதில் யாருக்கும் வியப்பில்லை. பெரிய ஊர்வன ஒன்று மாட்டைப் போலத் தாவரத்தை மென்றது என்பதுதான் புதுமை. அதைச் சொன்னவர் மான்டெல்.

பல்லைத் தவிர அவர் வேறு என்ன செய்தார்?

நான் மிகவும் விரும்பி விடையளிக்கும் கேள்வி இது.

முதலாவது, பாறை. கக்ஃபீல்ட் பக்கத்து டில்கேட் காட்டுப் பகுதியின் மணற்கல் அடுக்குகள் சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே இருப்பவை, அதைவிடப் பழையவை, நன்னீரில் படிந்தவை என்று சிப்பிகளையும் தாவர எச்சங்களையும் அடுக்குகளின் வரிசையையும் கொண்டு நிறுவினார். கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்த, ஏறத்தாழ 13 முதல் 14 கோடி ஆண்டுகள் பழமையான அடுக்குகள் அவை என்று இன்று சொல்கிறோம். இந்த அடித்தளம் இல்லாமல் பல்லைப் பற்றிய வாதம் நின்றிருக்காது. எலும்பைப் பற்றிப் பேசுபவர்கள் பலர். எலும்பு கிடந்த பாறையை அவரளவுக்கு நடந்து நடந்து படித்தவர்கள் சிலரே.

இரண்டாவது, காலம். பாலூட்டிகளுக்கு முன்பு உலகில் ஊர்வன கோலோச்சிய நெடுங்காலம் ஒன்று இருந்தது என்ற கருத்தை 1831இல் தனிக் கட்டுரையாக எழுதினார். கடலில் இக்தியோசாரும் பிளீசியோசாரும், வானில் டெரோடாக்டைலும், நிலத்தில் இகுவானோடானும் மெகலோசாரசும் என்று தனித்தனியாகக் கிடைத்தவற்றை ஒரே காலத்தின் உயிர்களாகச் சேர்த்துப் பார்த்தார். ஊர்வனவற்றின் காலம் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். சொல்லிக் கொடுத்தவரின் பெயர் அந்தப் பாடத்தில் இருப்பதில்லை.

மூன்றாவது, ஹைலியோசாரஸ். 1832இல் டில்கேட் குவாரியில் வெடி வைத்தபோது சிதறிய பாறைத் துண்டுகளில் எலும்புகள் தெரிந்தன. வேறொருவர் கண்ணில் பட்டிருந்தால் அவை சாலைக்குப் போயிருக்கும். மான்டெல் துண்டுகளை வாங்கி, ஒன்றோடொன்று பொருத்தி, ஒரே பலகையாக்கினார். ஒரே விலங்கின் முன்பாதி அதில் எலும்புகள் பொருந்தியபடியே கிடந்தது. அதன் முதுகில் பெரிய முட்கள் இருந்தன. 1833இல் வெளியிட்டார். கவசம் தரித்த டைனோசர் குழுவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது இதுதான்.

நான்காவது, கைகளும் வாயும். இகுவானோடானின் பின்னங்கால்கள் கனமானவை, முன்னங்கால்கள் மெலிந்தவை, அவை கிளைகளைப் பற்றி இழுப்பதற்கு ஏற்றவை என்று 1840களின் இறுதியில் எழுதினார். 1848இல் கிடைத்த கீழ்த்தாடையின் முன்பகுதியில் பற்கள் இல்லாததைக் கவனித்து, சதைப்பற்றான உதடும் தழையைச் சுருட்டி இழுக்கும் நாக்கும் இருந்திருக்கலாம் என்றார். நாக்கையும் உதட்டையும் பற்றி இன்றைய கருத்து வேறாக இருக்கலாம். ஆனால் தாடையின் அமைப்பிலிருந்து அந்த விலங்கு எப்படித் தின்றது என்று கேட்டவர் அவர்.

ஐந்தாவது, பெலரோசாரஸ். 1850இல் ஏறத்தாழ நான்கரை அடி நீளமுள்ள ஒரு மேற்கை எலும்பை விவரித்தார். எலும்பின் நடுவே மஜ்ஜைக் குழி இருந்தது. கடலில் வாழும் ஊர்வனவற்றின் எலும்பில் அது இருக்காது. எனவே இது நிலத்தில் நடந்த விலங்கு என்றார். இந்த வகைப் பிரம்மாண்ட விலங்குகளை, திமிங்கிலம் போல நீரில் வாழ்ந்த முதலை இனம் என்று உடற்கூறியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன் வகைப்படுத்தியிருந்த காலம் அது. நீண்ட கழுத்துள்ள சாரோபாடுகள் நீரில்தான் மிதந்து வாழ்ந்தன என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகும் படங்களில் தொடர்ந்தது. 1850இலேயே ஓர் எலும்பின் உள்ளமைப்பைப் பார்த்து மான்டெல் நிலத்து விலங்கு என்று சொல்லியிருந்தார். அவருடைய வேலைகளில் மிகவும் குறைவாகப் பேசப்படுவது இதுவே என்பது என் கணிப்பு.

அவர் எங்கெல்லாம் தவறினார்?

அளவில் தவறினார். இகுவானாவின் பல்லோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டதால், 1825இல் 60 அடிக்கு மேல் என்றும், பிறகு 100 அடி வரை என்றும் நீட்டினார். ஓவன் முதுகெலும்புகளை வைத்துக் கணக்கிட்டு 28 அடி என்றார். ஓவனின் கணக்கே உண்மைக்கு நெருக்கம்.

மூக்குக் கொம்பும் மான்டெலிடம் தொடங்கியதுதான். கூம்பு வடிவ எலும்பு ஒன்றை, சில இகுவானாக்களின் மூக்கில் உள்ள கொம்பு போலக் கருதி மூக்கில் வைத்தார். அது கட்டைவிரலின் முள் என்பது, பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் 1878இல் ஏராளமான முழு எலும்புக்கூடுகள் கிடைத்து, தொல்லுயிர் ஆய்வாளர் லூயி டோலோ அவற்றை ஆராய்ந்த பிறகே தெளிவானது. அதே எலும்புக்கூடுகள்தான் முன்னங்கால் பின்னங்காலைவிடச் சிறியது என்பதையும் உறுதிப்படுத்தின.

மெய்ட்ஸ்டன் பாறைப் பலகை ஏன் முக்கியம்?

அதுவரை பற்கள் தனியாக, எலும்புகள் தனியாகக் கிடைத்தன. எந்த எலும்பு எந்தப் பல்லோடு சேரும் என்று ஊகிக்கத்தான் முடிந்தது. 1834இல் கென்ட் பகுதியின் மெய்ட்ஸ்டன் நகரில், வில்லியம் பென்ஸ்டெட் என்பவரின் குவாரியில் எலும்புகள் குவிந்த பாறை வெளிப்பட்டது. அதில் பல்லும் இருந்தது. மான்டெலின் நண்பர்கள் 25 பவுண்டு கொடுத்து வாங்கி அவருக்குப் பரிசளித்தனர். தொடையெலும்பு, கால் எலும்புகள், முதுகெலும்புகள், இடுப்பெலும்பு எல்லாம் இப்போது உரிய பல்லோடு சேர்ந்தன. பல ஆண்டுகளாகத் தன்னிடம் கிடந்த உதிரி எலும்புகளுக்கு அவர் அடையாளம் கொடுக்க முடிந்தது இதனால்தான். மெய்ட்ஸ்டன் நகரம் 1949இல் தன் நகரச் சின்னத்தில் இகுவானோடானைச் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவு செய்தவர் ஏன் பின்தள்ளப்பட்டார்?

ஒரே காரணம் சொல்ல முடியாது. பணமும் பதவியும் முதல் காரணம். 1833இல் பணக்காரர்கள் கூடும் பிரைட்டனுக்குக் குடிபெயர்ந்தார். எலும்புகளைப் பார்க்கக் கூட்டம் வந்தது, நோயாளிகள் வரவில்லை. வீடே அருங்காட்சியகமானது, வருமானம் வற்றியது. 1838இல் வாழ்நாள் சேகரிப்பை 4000 பவுண்டுக்குப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்றார். அதாவது தன் ஆய்வுப் பொருள்களே தன் கையைவிட்டுப் போயின. 1839இல் மேரி ஆன் பிரிந்து சென்றார். மகன் வால்டர் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். 1840இல் மகள் ஹன்னா இறந்தாள். 1841 அக்டோபரில் லண்டனின் கிளாப்பம் திடலில் குதிரை வண்டி விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. எஞ்சிய 11 ஆண்டுகளும் வலியோடுதான் கழிந்தன. அவரது பிற்கால ஆய்வுகள் எல்லாம் அந்த வலிக்கு நடுவே எழுதப்பட்டவை.

இதே காலத்தில்தான் ஓவன் உயர்ந்தார். மெகலோசாரஸ், இகுவானோடான், ஹைலியோசாரஸ் ஆகிய மூன்றையும் ஒரே குழுவாக்கி 1842இல் டைனோசர் என்ற பெயரை அச்சில் வெளியிட்டார். மூன்றில் இரண்டு மான்டெலுடையவை. ஆனால் குழுவுக்குப் பெயர் வைத்தவரைத்தான் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது.

ஓவன் உண்மையிலேயே அவரைப் பழிவாங்கினாரா?

பழிவாங்கல் என்ற சொல் பெரிது. அவமதித்தார், தடுத்தார் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. 1849இல் இகுவானோடான் ஆய்வுகளுக்காக மான்டெலுக்கு ராயல் சொசைட்டியின் ராயல் பதக்கம் வழங்கும் முடிவை ஓவன் எதிர்த்தார். லயலும் பக்லண்டும் துணை நின்றதால் பதக்கம் கிடைத்தது. மான்டெல் 1852 நவம்பர் 10ஆம் தேதி, வலி தணிக்க எடுத்த அபின் மருந்து அளவு மீறியதால் இறந்தார். அதன்பின் பத்திரிகையில் பெயரில்லாமல் வெளிவந்த ஓர் இரங்கல் குறிப்பு அவரது அறிவியல் தகுதியைச் சிறுமைப்படுத்தியது. எழுதியவர் ஓவன் என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

ஓவனின் பங்கையும் மறைக்கக் கூடாது. இடுப்பில் இணைந்த ஐந்து முதுகெலும்புகளையும், உடலுக்கு நேர்கீழே நின்ற கால்களையும் வைத்து, இவை வெறும் பெரிய பல்லிகள் அல்ல, தனிக் குழு என்று கண்டது அவருடைய கூர்மை. மான்டெலிடம் அந்தப் பொதுமைப்படுத்தல் இல்லை.

அவருடைய முதுகெலும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது உண்மையா?

உண்மை. பிணக்கூறாய்வில் எடுக்கப்பட்ட வளைந்த முதுகெலும்புப் பகுதி, மருத்துவப் பாடத்துக்காக அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரியில் வைக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் அது அழிந்துபோனது.

இகுவானோடான் என்ற பெயர் இன்றும் மான்டெலின் எலும்புகளைக் குறிக்கிறதா?

சட்டப்படி இல்லை. மான்டெலின் பற்களை மட்டும் வைத்து இனத்தை உறுதியாக அடையாளம் காண முடியாது என்பதால், விலங்கியல் பெயரிடலுக்கான சர்வதேச ஆணையம் 2000இல் பெர்னிசார் இனத்தையே இகுவானோடானின் மாதிரி இனமாக, அதாவது அந்தப் பெயர் எதைக் குறிக்கும் என்று முடிவுசெய்யும் இனமாக, அறிவித்தது. அறிவியல் முறைப்படி அந்த முடிவு நியாயமானது. ஆனால் அதன் விளைவாக, பெயரைக் கொண்டுவந்த விலங்கே பெயருக்கு வெளியே நிற்கிறது. 2007இல் இங்கிலாந்தைச் சேர்ந்த, உடல் மெலிந்த ஓர் இனத்துக்கு மான்டெலிசாரஸ் என்று பெயரிட்டனர். மெய்ட்ஸ்டன் விலங்கும் அதுவே என்று கருதுவோர் உண்டு.

அவருடைய புதைபடிவங்களை இப்போது எங்கே பார்க்கலாம்?

மெய்ட்ஸ்டன் பலகையும் ஹைலியோசாரஸ் பலகையும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. குவியேக்கு அனுப்பிய பல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், டே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வால்டரின் குடும்பம் வழியாக அங்கே போனது.

தென் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்குப் போகிறவர்கள் 1854இல் திறக்கப்பட்ட பழங்கால விலங்குச் சிலைகளைப் பார்க்கலாம். அந்தப் பணிக்கு ஆலோசகராக இருக்க முதலில் மான்டெலைத்தான் கேட்டார்கள். உடல்நிலை இடங்கொடுக்காததால் மறுத்துவிட்டார். ஓவனின் கருத்துப்படி சிற்பி வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்த இகுவானோடான்கள் காண்டாமிருகம் போலக் கனத்து நிற்கும். அங்கே போனால் முன்னங்கால்களைக் கவனியுங்கள். பின்னங்கால்களுக்கு இணையாகத் தடித்திருக்கும். அவை அப்படி இருந்திருக்க முடியாது என்று, சிலை வார்ப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மான்டெல் அச்சில் எழுதியிருந்தார்.